சுகமாகாதவன் சொல்லும் சாட்சி

எபி,

வியாழக்கிழமை சாயந்திரம் போனில் நீ கேட்டதற்கு "பாக்கலாம்பா" என்று மட்டும் சொன்னேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். அது சம்மதம் இல்லை. அப்போது மணி எட்டு. என் நாக்கு அதற்குமேல் புரளவில்லை, அவ்வளவுதான். பதிலை இப்போது எழுதுகிறேன். காலையில் மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து உட்கார்ந்தால் ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம் எழுத வருகிறது. பிறகு விரல் பேனாவை விட்டுவிடுகிறது. அதனால் இந்தக் கடிதம் நாலைந்து காலையில் எழுதியதாக இருக்கும். நடுவில் கையெழுத்து கோணினால் அது கோபம் என்று நினைக்காதே. கோபமும் இருக்கிறது. அதைக் கையெழுத்தில் காட்ட மாட்டேன், நேராகவே சொல்லிவிடுவேன்.

இன்னும் பதினைந்து நாளில் உன்னை ஊழியத்துக்குப் பிரதிஷ்டை பண்ணப்போகிறார்கள். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு சின்ன சபை உன் கைக்கு வருகிறது. சாயந்திரம் ஏழு மணி ஆராதனை. புதுப் போதகரின் தகப்பன் என்று நான் மேடையேறி ஐந்து நிமிடம் சாட்சி சொல்ல வேண்டும். "கர்த்தர் எனக்கு சுகம் குடுத்தாருன்னு மட்டும் சொல்லுங்கப்பா. மாத்திரை, ஆஸ்பத்திரி கதையெல்லாம் வேணாம். புதுசா வர்ற ஜனங்க, கொழம்பிடுவாங்க" என்றாய். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னாய்: "ஆனா மாத்திரைய மட்டும் கரெக்டா ஆறே காலுக்குப் போட்டுக்குங்க, மேட ஏறும்போது கண்ணு நல்லா தெறந்திருக்கும்." மாத்திரை போட வேண்டும், மாத்திரையைப் பற்றிப் பேசக் கூடாது. இதைக் கேட்டு உன் அம்மா அன்று ராத்திரி முழுக்கச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகன் கெட்டவன் இல்லை, பயந்தவன் என்று எனக்குத் தெரியும். நானும் பயந்தவனாகத்தான் இருந்தேன். அந்தப் பயம் என்னென்ன செய்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை நீ மேடையேறுமுன் தெரிந்துகொள்.

உன் தாத்தா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு வேலை செய்தவர். அவர் வாயில் "முடியல" என்ற சொல் ஒரு தடவைகூட வந்து நான் கேட்டதில்லை. முடியவில்லை என்றால் சோம்பேறி என்பார்கள், அன்றைக்குச் சோறு கிடையாது. நம் ஜனங்களை இந்த ஊர் எத்தனையோ பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது. அதில் சோம்பேறி என்ற பெயர்தான் அவரைச் சுட்டது. அவர் என்னை வளர்த்ததும் அப்படித்தான். காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போனவன் நான். உடம்பு கேட்காவிட்டால் இன்னும் கொஞ்சம் அதட்டு என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். நான் உன்னையும் அப்படித்தான் அதட்டினேன். ஒன்பதாம் வகுப்பில் உனக்கு டெங்கு வந்து தேறிய பிறகு மூன்று வாரம் நீ படுத்தே கிடந்தாய். "என்னடா, பொண்ணு மாதிரி படுத்துக்கினு" என்று கேட்டேன். உனக்கு நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது. அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். உன் அம்மாவிடமும் தனியாகக் கேட்டுவிட்டேன், பெண் மாதிரி என்று சொன்னதற்காக.

எனக்கு முதலில் போனது குரல். ஞாயிற்றுக்கிழமை சபையில் வேத பாடம் வாசிப்பவன் நான். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுவரை கேட்கும் என்பார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. ஒரு ஞாயிறு நீண்ட பாடம். பாதிக்குமேல் வார்த்தை மூக்கு வழியாக வந்தது. சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தேன். பிறகு சாப்பாடு. கறித்துண்டை நாலு தடவை மென்றால் தாடை நின்றுவிடும். ஓய்வெடுத்து மறுபடி மெல்ல வேண்டும். கம்பெனி ஷெட்டில் மற்ற டிரைவர்களுக்கு முன்னால் அப்படிச் சாப்பிட வெட்கப்பட்டு டிபன் பாக்ஸை மூடிவிடுவேன். அதன்பிறகுதான் கண். இமை தானாக இறங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும். காலையில் எழுந்தால் எல்லாம் சரியாக இருக்கும். அதுதான் இந்த நோயின் சூது. காலையில் என்னைப் பார்த்தவன் சாயந்திரம் நடந்ததை நம்ப மாட்டான். நானே நம்பவில்லையே.

இப்போது சொல்லப்போவதை உன் அம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. சுங்குவார்சத்திரம் தாண்டி இருந்த அந்தக் கம்பெனிக்கு நான் ஓட்டிய பஸ்ஸில் ஷிப்டுக்கு நாற்பது பேர். பெரும்பாலும் பெண் பிள்ளைகள். சாயந்திர ஷிப்டு விட்டு அவர்களைக் காஞ்சிபுரம் கொண்டுவரும்போது எதிரே ஒரு லாரி வந்தால் எனக்கு இரண்டு வரும். எது நிஜம் என்று தெரியாது. இடது கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும். அந்த உபாயத்தைக் கண்டுபிடித்ததும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன் எபி. வெட்கமாக இருக்கிறது. ஒற்றைக் கண்ணோடு மூன்று வாரம் ஓட்டினேன். ஒரு நாள் கரும்பு டிராக்டர் ஒன்று விளக்கில்லாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு தூரத்தில் போகிறது என்று ஒற்றைக் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கடைசி நொடியில் பிரேக் அடித்தேன். பிள்ளைகள் முன் சீட்டில் மோதிக் கத்தினார்கள். ஒருத்திக்கு உதடு கிழிந்தது. "நாய் குறுக்க வந்துச்சு" என்று பொய் சொன்னேன்.

மறுநாள் எல்லோரும் இறங்கிய பிறகு ஒரு பெண் மட்டும் படியில் நின்றாள். டிரைவர் கண்ணாடிக்கு நேராக எப்போதும் உட்காருகிறவள். சுமதி என்று பெயர்.

"அண்ணா, நாய் எதுவும் வரல" என்றாள்.

நான் இன்ஜினை அணைத்தேன்.

"நீங்க ஒரு கண்ண மூடிக்கினு ஓட்றீங்க. பத்து நாளா கண்ணாடில பாத்துக்கினு வர்றேன். யார்கிட்டயும் சொல்லல. உங்களுக்கு என்னமோ முடியலன்னு தெரியுது. ஆனா வீட்ல எனக்கு ரெண்டு வயசுல கொழந்த இருக்குதுண்ணா."

அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் காலையில் ஷெட்டில் சாவியைக் கொடுத்துவிட்டேன். கடவுள் என்னிடம் பேசினார் என்று மேடையில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என்னிடம் பேசியது அந்தப் பெண். அவள் நெற்றியில் விபூதி இருந்தது. அவள் மூலமாகப் பேசியது யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சாவியைக் கொடுத்தபின் வீட்டில் இருந்தேன். உடனே ஊர் காரணம் தேட ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். பெருமாள் உற்சவம், தெருவெல்லாம் ஜனம், ஆட்டோ உள்ளே வராது. பஸ் நின்ற இடத்திலிருந்து நடந்தே போனேன். போய்ச் சேரும்போது கால் பின்னியது, கண் சொருகியது, பேச்சு குழறியது. சபை மூப்பர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வாய ஊதுங்க" என்றார். நாற்பத்தாறு வயதில், வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவன், அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் நின்று வாயை ஊதிக் காட்டினேன். வாடை இல்லை என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறு பாடம் வாசிப்பவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க பிரதர்" என்றார்கள்.

நீ அப்போது பிளஸ் டூ. ஒரு நாள் நான் கட்டிலில் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்து நீ என் பழைய வேலைப் பையை எடுத்து அதன் ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து துழாவினாய். பாட்டில் தேடுகிறாய் என்று எனக்குப் புரிந்தது. அடியில் அந்த டிபன் பாக்ஸ், கடைசி நாள் வேலைக்குக் கொண்டுபோய் மூடி வைத்ததை அம்மா கழுவக்கூட எடுக்காமல் விட்டிருந்தாள். திறந்து பார்த்தாய். பூசணம் பிடித்த சோறு. மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தாய். எழுந்து உன்னிடம் பேசியிருக்க வேண்டும். "எனக்கு மெல்ல முடியலடா, எனக்கு என்ன ஆவுதுன்னே தெரியல" என்று சொல்லியிருக்க வேண்டும். பெருமை தடுத்தது. குடிகாரன் என்று என் மகன் நினைத்தாலும் பரவாயில்லை, முடியாதவன் என்று நினைக்கக் கூடாது என்று இருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளில் பஸ்ஸுக்கு அடுத்தது இதுதான்.

நேற்று இதோடு நிறுத்திவிட்டேன். இன்று, இப்போது டிரைவர்களுக்கு டிரிப் ஷீட் எழுதிக் கொடுக்கப் போகிற ஷெட்டுக்கு லீவு சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

அப்புறம் இரண்டு வருடம் ஜெபம். உபவாசம் இருக்கச் சொன்னார்கள், இருந்தேன். உபவாசம் என் உடம்பில் மிச்சமிருந்ததையும் தின்றது. மறைவான பாவம் ஏதோ தடையாக இருக்கிறது, அறிக்கை செய்யுங்கள் என்றார்கள். யோசித்து யோசித்துப் பார்த்தேன். இருந்ததையெல்லாம் சொல்லி முடித்த பிறகும் கை பலப்படவில்லை. கடைசியில் செய்யாத பாவத்தையும் இரண்டு மூன்று சேர்த்துச் சொன்னேன். அப்படியாவது விடுவார்களா என்று. இது வேடிக்கையாக இருக்கிறதா? உன் சபைக்கும் இப்படி ஒருவன் வருவான் எபி. தான் செய்யாத பாவத்தை உன் முன் சொல்லி அழுவான். அவனை அழ வைத்தது நீயாக இருக்காதே.

கடைசியில் உன் அம்மாவுக்குத்தான் பொறுமை போனது. பட்டுக்கடையில் நாள் முழுக்க நின்று புடவை மடித்துவிட்டு வருகிறவள், ஒரு நாள் லீவு போட்டு என்னைச் சென்னைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர் பெண். உன்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருக்கலாம். "மேல பாருங்க, கண்ண எடுக்காம பாத்துக்கினே இருங்க" என்றாள். ஒரு நிமிடத்தில் இரண்டு இமையும் ஷட்டர் மாதிரி இறங்கின. அவள் ஒரு கையுறைக்குள் ஐஸ் கட்டியைப் போட்டு என் இடது கண்மேல் வைத்தாள். இரண்டு நிமிடம். எடுத்ததும் அந்த இமை மேலே போய் நின்றது. வலது இமை அப்படியே கீழே. நோயின் பெயர் மயஸ்தீனியா, நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேரவில்லை, வேலை செய்யச் செய்யத் தசை சோர்ந்துபோகும், ரத்தப் பரிசோதனையில் உறுதி பண்ணலாம், மாத்திரை இருக்கிறது, முழுக்கப் போகாமல் இருக்கலாம், ஆனால் வாழலாம் என்றாள். சோம்பேறித்தனம் இல்லை, குடி இல்லை, சாபம் இல்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே அவளுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் அது கேட்டது.

உன் அம்மா அழுவாள் என்று பார்த்தேன். அவளுக்கு வந்தது ஆத்திரம். பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்தி வைத்துக்கொண்டு, "ஐஸ் கட்டிங்க! ரெண்டு வருஷமா நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ்லயே இருந்துச்சே!" என்றாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை.

அடுத்ததை நீயும் பார்த்தாய், ஆனால் நீ பார்த்த இடம் வேறு. மைதானத்தில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம். நீ கீபோர்டு வாசித்தாய். "ஒரே ஒரு தடவ வாங்கப்பா, எனக்காக" என்றாய். உனக்காக வந்தேன். ஆறே முக்காலுக்கு நான் வந்து சேரும்போது இமை இரண்டும் இறங்கியிருந்ததைப் பந்தலில் எல்லோரும் பார்த்தார்கள். ஏழு மணி மாத்திரையை வழக்கம்போல் தண்ணீரோடு போட்டேன். ஏழே முக்காலுக்குச் சுகமளிக்கும் ஜெபம். இரண்டு வாலிபர்கள் என்னைக் கைத்தாங்கலாக மேடையேற்றினார்கள். பிரசங்கியார் என் தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தார். கண்ணைத் திறக்கச் சொன்னார். திறந்தது. நல்லாவே திறந்தது. கூட்டம் கையைத் தட்டியது, உன் கீபோர்டு உச்சத்துக்குப் போனது. மைக்கை என் வாயில் நீட்டி, "இப்ப எப்படி இருக்குது, ஜனங்களுக்குச் சொல்லுங்க" என்றார்.

அந்த நொடியில் எனக்கு என்ன ஆசை இருந்தது என்று உனக்குத் தெரியாது. "அல்லேலூயா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயை ஊதிக் காட்டியதெல்லாம் துடைத்துப் போயிருக்கும். பாடம் வாசிக்கத் திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள். நீ தலைநிமிர்ந்திருப்பாய். ஆனால் முன்வரிசையில் ஒரு வயதானவர் சர்க்கரை நோய்க் காலைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொய் சொன்னால் அவர் வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்துவார் என்று தோன்றியது. இன்னொரு பஸ்ஸை நான் ஒற்றைக் கண்ணோடு ஓட்ட மாட்டேன் என்று முடிவு பண்ணினேன்.

"ஐயா, ஏழு மணிக்கு மாத்திர போட்டேன். அது வேல செய்ய முக்கா மணி நேரம் ஆவும். அதான் தெறந்துச்சு. அந்த மாத்திரைக்காக கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன்.

கீபோர்டு நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள். பிரசங்கியார் மைக்கை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் "எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்டீங்க" என்றாய். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குமேல் நீ என்னோடு பேசவில்லை. நான் கடவுளைப் பரிகாசம் பண்ணினேன் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். இல்லை எபி. அந்த மேடையில் அன்று கடவுளுக்கு மரியாதை செய்தவன் நான் ஒருவன்தான். அவருடைய பெயரைப் போட்டு ஒரு பொய்யை விற்க நான் ஒத்துக்கொள்ளவில்லை. இதை நான் பணிவாகச் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

அந்த மழைக்காலத்தில் எனக்குச் சளி நெஞ்சில் இறங்கி, மூச்சு விடுகிற தசையும் சோர்ந்து நின்றுபோனது. மேடையில் பேசியதற்குத் தண்டனை என்றார்கள் சிலர். உனக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்தாய். தொண்டையில் குழாய், பேச்சு இல்லை. ஒரு அட்டையில் காகிதம் செருகிக் கொடுத்திருந்தார்கள். "பயமா இருக்குது" என்று எழுதிக் காட்டினேன். வேத வசனம் ஏதாவது சொல்வாய் என்று எதிர்பார்த்தேன், நீ பைபிள் காலேஜில் சேர விண்ணப்பம் போட்டிருந்த சமயம் அது. நீ அதைப் படித்தாய். என் கையைப் பிடித்தாய். "எனக்கும்பா" என்றாய். மறுநாள் மூப்பர் நாலு பேரோடு வார்டு வாசலுக்கு வந்து, சத்தமாக ஜெபிக்க வேண்டும் என்றபோது நீ கதவில் கை வைத்து நின்றாய். "அண்ணா, அப்பாவுக்கு இப்ப ரெஸ்ட் வேணும். ஜெபத்த வெளிய மரத்தடியில வெச்சிக்கலாம், நானும் வர்றேன்" என்றாய். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நாள் கழித்து உன்னைப் போதகர் ஆக்கப்போகிறார்கள் என்கிறாய். நீ அன்றைக்கே ஆகிவிட்டாய். அந்தப் போதகரிடம்தான் இதை எழுதுகிறேன், வியாழக்கிழமை போன் பண்ணியவரிடம் இல்லை.

எனக்கு விசுவாசம் போய்விட்டது என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. நோய்க்கு முன்னால் என் விசுவாசம் என் குரலில் இருந்தது. இப்போது குரல் இல்லாத நேரத்திலும் இருக்கிறது. நான் இப்போது பார்க்கிற இயேசு, வழி நடந்து களைத்துப்போய் மத்தியான வெயிலில் கிணற்றடியில் உட்கார்ந்தவர். தண்ணீர் கொடு என்று ஒரு பெண்ணிடம் கேட்டவர். சிலுவையைத் தூக்க முடியாமல் போனபோது வழியில் போன ஒருவன் தூக்கினான். அதற்காக அவரை யாரும் விசுவாசம் குறைந்தவர் என்று சொல்லவில்லை. சாகிறேன் என்று செடியடியில் படுத்துவிட்ட எலியாவைத் தூதன் வந்து அதட்டவில்லை. சாப்பாடு வைத்தான், தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பாடு வைத்தான். இருபது வருடம் நான் சபையில் இதை வாசித்திருக்கிறேன். படுத்த பிறகுதான் புரிந்தது.

என் நாள் எப்படிப் போகிறது என்று நீ கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். காலையில் எனக்குக் கொஞ்சம் பலம் இருக்கிறது. அதற்குள் குளிக்கலாம், அல்லது துணி மடிக்கலாம், அல்லது ஷெட்டுக்குப் போய் மத்தியானம்வரை டிரைவர்களுக்கு டிரிப் ஷீட் எழுதலாம். எல்லாம் சேர்த்துச் செய்ய முடியாது. வெயில் காலத்தில் குளித்தால் சபைக்குப் போக முடியாது, சபைக்குப் போனால் அன்று சமைத்ததை மெல்ல முடியாது. கஞ்சிதான். போன மாதம் செவிலிமேடு டவுன் பஸ்ஸில் ஒரு வயதான அம்மா நின்றுகொண்டிருந்தார்கள். கண்டக்டர் என்னைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்குறீங்க, எழுந்து எடம் குடுங்களேன்" என்றார். பழைய நானாக இருந்தால் எழுந்து நின்று அடுத்த நிறுத்தத்தில் விழுந்திருப்பேன். "முடியாதுப்பா. பாக்கத்தான் நல்லா இருக்கேன்" என்றேன். பஸ்ஸே முணுமுணுத்தது. அந்த அம்மா மட்டும், "உடம்புக்கு வந்தது மூஞ்சியில எழுதியா இருக்கும்? உக்காருப்பா" என்றார்கள். உட்கார்ந்தே வந்தேன். என் அப்பா சொல்லாத அந்த "முடியாது" என்ற வார்த்தையை இப்போது அவருக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன்.

சபையிலும் அப்படித்தான். பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நிற்கும்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். உன் சபையில் யாராவது உட்கார்ந்திருந்தால் ஏன் என்று கேட்காதே. உபவாசம் என்று அறிவிக்கும்போது, மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இது இல்லை என்று நீயே வாய்திறந்து சொல். நோயாளியைப் பார்க்கப் போனால், உங்களுக்கு எந்த நேரம் தோது என்று கேட்டுவிட்டுப் போ. சாப்பாடு கொண்டுபோ. சீக்கிரம் கிளம்பிவிடு. சுகத்துக்காக ஜெபி, வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் தினம் கேட்கிறேன். ஆனால் கிடைக்காதவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே. நான் ஏறி நின்றவன், அங்கிருந்து பார்த்தால் கடவுள் தெரிய மாட்டார்.

இனி உன் கேள்விக்குப் பதில். நான் வருகிறேன். அம்மா புதுப்புடவை எடுத்துவிட்டாள், கடையில் அவளே மடித்து ஒளித்து வைத்திருந்தது. வழியில் படுத்துக்கொண்டு வர ஒரு கார் பேசியிருக்கிறோம். மாத்திரையை ஆறே காலுக்குப் போட மாட்டேன். டாக்டர் சொன்ன நேரத்துக்குத்தான் போடுவேன். ஏழரைக்கு என் கண் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும், குரல் மூக்கில் வரும், யாராவது முகம் சுளிக்கலாம். மேடையில் ஒரு நாற்காலி போடச் சொல். உட்கார்ந்துதான் பேசுவேன். உனக்கு இது சம்மதமில்லை என்றால் இப்போதே சொல்லிவிடு, வருத்தப்பட மாட்டேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து, உன் தலையில் கை வைக்கிறதைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். சம்மதம் என்றால் நான் சொல்லப்போவது இதுதான், இப்போதே தெரிந்துகொள். காலையில் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன், மூச்சு போதுகிறது.

"ஜனங்களே, இவன் என் மகன். நான் இவனோட அப்பா. எனக்கு ஒரு நோய் இருக்குது, ஒன்பது வருஷமாச்சு, சுகமாகல. நாளைக்கு ஆவுமான்னு தெரியாது. உங்கள்ல யாருக்காவது வெளிய தெரியாத நோவு இருந்தா, இந்த சபையில அத மறைக்க வேணாம். முடியலன்னா உக்காருங்க. இவன் எழுப்ப மாட்டான். எழுப்புனா எனக்குப் போன் பண்ணுங்க."

அப்பா